மரத்தைக் கழித்தால் கோயில்: லைடார் படத்தை எப்படிப் பார்ப்பது

இன்னும் கண்டுபிடிக்கப்படாத கோயில்கள் உண்டா? உண்டு. அவற்றில் சில, யாரோ வேறு வேலைக்காக எடுத்துவைத்த தரவுக்குள்ளேயே கிடக்கின்றன. மெக்சிகோவின் கம்பெச்சே மாநிலத்தில் வலேரியானா என்ற, பழைய மாயா நாகரிகத்து நகரம் 2024ல் வெளிவந்தது அப்படித்தான். காட்டில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று அளக்க 2013ல் விமானத்திலிருந்து எடுத்த லைடார் தரவு, அதாவது லேசர் ஒளியை அனுப்பித் தரையின் மேடுபள்ளத்தை அளந்த தரவு, இணையத்தில் கிடந்தது. தொல்லியலாளர் லூக் ஆல்ட்-தாமஸ் குழுவினர் அதிலிருந்து மரங்களைக் கழித்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். கோயில் பிரமிடுகள், பந்தாட்டக் களம், நீர்த்தேக்கம் எல்லாம் தெரிந்தன. அளந்த பகுதிகள் முழுவதிலும் 6,764 கட்டட அமைப்புகள்!

லைடார் இலையை ஊடுருவாது. இதைப் பலர் தவறாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். விமானம் நொடிக்கு லட்சக்கணக்கான லேசர் துடிப்புகளை அனுப்பும். பெரும்பாலானவை இலையில் பட்டே திரும்பிவிடும். இலை இடுக்கு வழியே நழுவித் தரையைத் தொடும் சில துடிப்புகளே நமக்கு வேண்டியவை. அதனால்தான் இலை உதிரும் வறண்ட பருவத்தில் பறப்பது நல்லது. அடர்காட்டில் சதுர மீட்டருக்கு 15 துடிப்பு அனுப்பினாலும் ஒன்றிரண்டு மட்டும் தரையைத் தொடலாம். அப்படிப்பட்ட இடத்தில் அரை அடி உயர வீட்டு மேடை படத்தில் வரவே வராது.

அடுத்த சிக்கல் மென்பொருளில். எது தரை, எது செடி என்று பிரிப்பது அதன் வேலை. செங்குத்தான பிரமிடின் உச்சியை மரமென்று எண்ணி வெட்டிவிடும். அடர்ந்த புதரைத் தரையென்று எடுத்துக்கொள்ளும். தானியங்கிப் பிரிப்பை மட்டும் நம்பக் கூடாது. சந்தேகமான இடத்தில், லேசர் பட்டுத் திரும்பிய புள்ளிகளைக் குறுக்குவெட்டாகப் பார்த்துக் கையால் திருத்த வேண்டும்.

பிறகு நிழல் படம், அதாவது மேடுபள்ளத்தை வெளிச்சமும் நிழலுமாகக் காட்டும் படம். ஒரே திசையிலிருந்து வெளிச்சம் விழுவதுபோல் வரைந்தால், அந்தத் திசைக்கு இணையாக ஓடும் சுவர் மறைந்துபோகும். குறைந்தது 8 திசைகளிலாவது வரைந்து ஒப்பிடுங்கள். ஓப்பன்டோபோகிராஃபி இணையதளத்தின் லைடார் தரவும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் இலவசம். பழக இவை போதும்.

நுணுக்கமான தரவுதான் வேண்டும் என்பதில்லை. மெக்சிகோவின் தபாஸ்கோ மாநிலத்தில் உள்ள அகுவாடா ஃபெனிக்ஸ் என்ற மாயா மேடை ஏறத்தாழ 1,400 மீட்டர் நீளம், 10 முதல் 15 மீட்டர் உயரம், சுமார் 3,000 ஆண்டுப் பழமை. காடழிந்து மக்கள் குடியிருக்கும் நிலத்தில்தான் அது இருந்தது. அவ்வளவு பெரிதாக இருந்ததால் இயற்கை மேடாகவே தோன்றியது. தொல்லியலாளர் தகேஷி இனோமாட்டா குழுவுக்கு முதல் தடயம் கொடுத்தது மெக்சிகோ அரசின் குறைந்த நுணுக்கமுள்ள பொதுத் தரவு. எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது.

சதுரமாகத் தெரிவதெல்லாம் கோயில் அல்ல. 2016ல் செயற்கைக்கோள் படத்தில் மாயா நகரம் என்று செய்தியான ஒரு சதுரத்தை, பழைய சோளக்கொல்லையாக இருக்கலாம் என்றார்கள் மாயா ஆய்வாளர்கள். கரையான் புற்று, பழைய மரவெட்டுப் பாதை, வேரோடு சாய்ந்த மரத்தின் குழி எல்லாமே ஏமாற்றும். லைடார் மேற்பரப்பின் வடிவத்தை மட்டுமே சொல்லும், காலத்தைச் சொல்லாது. அதற்கு ஆள் நடந்து போய், குழி தோண்டி, பானை ஓடும் கரித்துண்டும் எடுக்க வேண்டும்.

ஏதாவது கண்ணில் பட்டால் அந்த நாட்டின் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். இட ஆயத்தொலைவைப் பொதுவில் போடாதீர்கள். குவாத்தமாலாவின் லைடார் படங்களில் கொள்ளையர் வெட்டிய பள்ளங்களும் கட்டடங்களோடு சேர்ந்தே தெரிகின்றன.