ஆர்ச்டாப் கிதாரின் மதிப்பை நான் பார்க்கும் விதம்

மேற்பலகை வெளிப்புறமாகக் குவிந்து வளைந்த, ஆர்ச்டாப் எனப்படும் பழைய ஜாஸ் கிதார் ஒன்று கைக்கு வந்தால், வாசிப்பதற்கு முன்பே எஃப் வடிவத் துளைகளின் வழியே சிறு விளக்கின் ஒளியைப் பாய்ச்சி உள்ளே பார்த்துவிடுவேன். கிப்சன் நிறுவனம் 1922இல் அறிமுகப்படுத்திய எல்-5 கிதாரில், 1924 வரை அங்கே பணியாற்றிய வடிவமைப்பாளர் லாயிட் லோர் கையொப்பமிட்ட சீட்டு இருந்தால் அதன் விலையே வேறு. ஆயினும் சீட்டின் நாளும் வரிசை எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காமல் அதை நம்பக்கூடாது.

நியூயார்க்கில் 1932 முதல் 1964இல் மறையும் வரை கிதார் செய்த ஜான் டி ஏஞ்சலிகோவின் படைப்புகள் ஏறத்தாழ 1,100 மட்டுமே. வரிசை எண்களைத் தம் கணக்கேட்டில் அவர் குறித்து வைத்திருந்ததால், ஒரு கிதாரின் பிறப்பை உறுதிசெய்ய இன்றும் வழியிருக்கிறது. ஆனால் அக்காலச் செல்லுலாய்டு (ஒரு பழைய வகை பிளாஸ்டிக்) ஓரப்பட்டை காலப்போக்கில் சிதைந்து, அமில வாயுவை வெளியிட்டு, அருகிலுள்ள உலோகப் பாகங்களையும் அரித்துவிடும். திறமையான கைவினைஞர் பட்டையை மாற்றியிருந்தால் அதைப் பெரிய குறையாக நான் கருதுவதில்லை.

முழு உடலுக்கும் மறுபூச்சு பூசியிருப்பதும், செதுக்கிச் செய்த ஸ்ப்ரூஸ் மர மேற்பலகையை, கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பிக்கப் பொருத்துவதற்காகப் பின்னாளில் வெட்டியிருப்பதும் வேறு வகை இழப்புகள். வெட்டிய மரம் திரும்பாது. பலகையின் அதிர்வும் மாறிவிடும். சந்தை, கழுத்தருகே வளைவு வெட்டிய கட்அவே வடிவத்துக்கே கூடுதல் விலை தருகிறது. வெட்டில்லாத முழு உடல் கிதாரின் நிறைந்த ஒலியை அது குறைத்து மதிப்பிடுகிறது என்பதே என் உறுதியான கருத்து.