பன்னிரண்டுக்குப் பதில் பத்து

மூன்று மாதமாக எங்கள் வீட்டு மாடி அறையில், கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டருக்காக, செஸ்னா 172 என்ற சிறு விமானம் ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறது. இறக்கை இல்லை, இன்ஜின் இல்லை, விமானி உட்காரும் இடத்துக்கு முன்னால் இருக்கும் பலகை மட்டும். அதில் ஆறு மீட்டர்கள். ஐந்தைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன், என் உயிரை வாங்கியது உயரம் காட்டும் ஆல்டிமீட்டர்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எளிய வழி ஒன்று இருக்கிறது. பழைய மானிட்டரில் மீட்டர்களின் படத்தை ஓடவிட்டு, முன்னால் வட்டம் வட்டமாக வெட்டிய பலகையை நிறுத்தினால் வேலை முடிந்தது. நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், தப்பே இல்லை. ஆனால் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் முள் டயலோடு ஒட்டிக்கொண்டு தட்டையாகக் கிடக்கும். முள்ளுக்கும் டயலுக்கும் நடுவில் இருக்கும் அந்த இரண்டு மில்லிமீட்டர் காற்றுக்காகத்தான் என்னுடைய இத்தனை பாடும்.

வேகம் காட்டும் மீட்டருக்கு முதலில் எஸ்ஜி90 என்ற குட்டி சர்வோ மோட்டாரைப் போட்டேன். அது 180 டிகிரிதான் திரும்பும், டயலுக்கு அதற்கு மேல் வேண்டும், அதோடு சும்மா நிற்கும்போதும் நடுங்கிக்கொண்டே இருக்கும். கீழேயிருந்து அம்மா "என்னடா, ராத்திரி பூரா கொசு கத்துது" என்றார். அதைக் கழற்றிவிட்டு 28பிஒய்ஜே-48 என்ற, படிப்படியாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டாருக்கு மாறினேன். ஒரு சுற்றுக்கு 2,048 படிகள். ஆல்டிமீட்டரின் நீள முள் ஒரு சுற்றுக்கு 1,000 அடி காட்டும் என்பதால் ஒரு படிக்கு அரை அடிகூட வராது. கணக்கில் பிரமாதம். கையில் வந்தபோது, ஏற்காட்டுக்கு மேலே 5,000 அடியில் நேராகப் போகிறேன், முள் சில நேரம் 5,020, சில நேரம் 4,980 என்கிறது.

காரணம் மோட்டாருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஆட்டம். மேலே ஏறிக்கொண்டே இருந்தால் தெரியாது, ஏறி இறங்கித் திரும்பும்போது மோட்டார் சுற்றும், முள் சற்று நேரம் தூங்கும். டயலில் ஒரு சிறு கோடு 20 அடி, என் ஆட்டம் கிட்டத்தட்ட ஒரு கோடு. நேராகப் பறக்கப் பழகுகிறவனுக்கு அந்த ஒரு கோடுதான் எல்லாமே.

இதற்கு மேல் இன்னொரு தலைவலி. நீள முள் பத்துச் சுற்று சுற்றினால் குட்டை முள் ஒரு சுற்று வர வேண்டும், இரண்டும் ஒரே நடு அச்சில். கடிகாரம் மாதிரியேதான், அதில் பன்னிரண்டுக்கு ஒன்று, இதில் பத்துக்கு ஒன்று. அந்த எண்ணத்தோடுதான் செவ்வாய்பேட்டையில் ஒரு கடிகாரக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் டயலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி, ரெண்டு நம்பரைக் காணோம்?"

"இது விமான மீட்டருங்கண்ணா, பத்துதான்."

அலாரம் டைம்பீஸ்கள் கிடந்த டப்பா முழுக்கத் தேடினார், எல்லாம் பன்னிரண்டு. அப்புறம் அவரே, "பழைய தண்ணி மீட்டர் கெடைச்சா கொண்டாங்க, அதுல முள்ளுக்கு முள் பத்துக்கு ஒண்ணு" என்றார். யோசித்துப் பார்த்தால் ஆமாம், லிட்டரைப் பத்து, நூறு என்று எண்ணுகிற சாதனம் வேறு எப்படி ஓடும்! பழைய இரும்புக் கடையில் ஒன்று கிடைத்தது. அதன் சக்கரங்கள் திரும்ப நடு அச்சுக்கே வரும்படி அடுக்கி உட்காரவைக்க இரண்டு சாயங்காலம் ஆனது. ஒன்றுக்குள் ஒன்று சுற்றும் பித்தளைக் குழாய்களைப் பக்கத்துத் தெருவில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் பற்றவைத்துக் கொடுத்தார். கொலுசில் மணி மணியாகப் பற்றவைக்கிற கைக்கு இது விளையாட்டு, நான் பற்றவைத்திருந்தால் குழாயும் சக்கரமும் சேர்ந்து உருகியிருக்கும்.

ஆட்டத்துக்கும் மருந்து அண்ணன் கடையில்தான் கிடைத்தது. ஒரு மெல்லிய ஹேர்ஸ்பிரிங் சக்கரத்தை எப்போதும் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தால் பல் பல்லோடு அணைந்தே இருக்கும். நான் அதை நீள முள்ளில் மாட்டப் போனேன். அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினார். நீள முள் பத்துச் சுற்று சுற்றினால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு செத்துப் போகும், மெதுவாகப் போகிற குட்டை முள்ளில் மாட்டுங்கள், பின்னாலிருந்து இழுத்தால் மொத்த வரிசையும் இறுகும் என்றார். அப்படியே செய்தேன், பாதிக்கு மேல் தீர்ந்தது. மீதியை மோட்டாரை ஓட்டும் ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகையின் நிரலில் பார்த்துக்கொண்டேன், திசை மாறும்போதெல்லாம் சில படிகள் கூடுதலாகச் சுற்றும்.

மீதி எல்லாம் சின்னச் சின்ன வேலை. மின்சாரம் போய்வந்தால் முள் எங்கே நிற்கிறது என்று மோட்டாருக்குத் தெரியாது, அதனால் இரண்டு சக்கரத்திலும் ஒவ்வொரு துளை, ஒவ்வொரு ஒளி சென்சார். ஆல்டிமீட்டர் காற்றழுத்தத்தை வைத்துத்தான் உயரம் சொல்லும், அந்த அழுத்தத்தைத் திருத்தும் குமிழுக்கு, திருப்பும் அளவை எண்ணும் என்கோடர், அழுத்தத்தைக் காட்டும் டயல் ஜன்னலுக்குப் பின்னால் குட்டித் திரை. அது ஏமாற்றுதான், யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அந்தக் குமிழை அலட்சியம் செய்யக்கூடாது, பத்து மில்லிபார் தப்பாக வைத்தால் உயரம் 300 அடி வரை தப்பும், சேர்வராயன் மலைப் பக்கம் மேகத்துக்குள் அந்த 300 அடி பெரிய விஷயம். 10,000 அடி காட்டும் மூன்றாவது முள்ளை மட்டும் சும்மா ஒட்டிவைத்திருக்கிறேன், என் செஸ்னா அவ்வளவு உயரம் போவதாக இல்லை.

போன ஞாயிறு கடிகாரக் கடை அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். காமலாபுரம் ஓடுபாதையில் விமானம் நின்றது. சேலம் விமான நிலையமே கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் அடி மேலே, அதனால் குட்டை முள் ஒன்றில், நீள முள் உச்சியில். கிளப்பினேன். ஏற ஏற நீள முள் நிதானமாகச் சுற்ற, குட்டை முள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஊர்ந்தது. அண்ணன் திரையில் தெரிந்த மலையைப் பார்க்கவே இல்லை, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்காடு ஏரிக்கு மேலே நேராக்கியபோது இரண்டு முள்ளும் செங்குத்தாக, ஒன்று உச்சியில், ஒன்று அடியில், ஆடாமல் அசையாமல் நின்றன.

"அஞ்சாயிரம் அடிங்கண்ணா" என்றேன்.

"ஆறு மணின்னு காட்டுது தம்பி" என்று சொல்லிவிட்டு, தன் கைக்கடிகாரத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.