கறுப்பு வட்டம் தெரியவில்லை

கருவின் வயிற்றை ஸ்கேனில் பார்க்கும்போது நான் எந்த நோயையும் தேடுவதில்லை. இருக்க வேண்டியதெல்லாம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். இடப்பக்கம் இரைப்பை, நடுவில் தொப்புள்கொடி நுழையும் இடம், முதுகையொட்டி இரண்டு சிறுநீரகங்கள், அடியில் சிறுநீர்ப்பை.

பல கோளாறுகள் தாமாகவே கண்ணில் பட்டுவிடும். முன்சிறுகுடல் அடைத்திருந்தால் இரைப்பைக்குப் பக்கத்தில் இன்னொரு குமிழ் தெரியும். ஆனால் 20 வாரத்தில் சரியாக இருந்த வயிற்றில் அது பிறகு தெரிய வருவதும் உண்டு. வயிற்றுச் சுவரில் ஓட்டை இருந்தால், பெரும்பாலும் தொப்புள்கொடிக்கு வலப்பக்கம், குடல் பனிக்குட நீரில் மிதக்கும். அதே குடல் ஒரு சவ்வுக்குள் அடங்கி, கொடியின் அடியிலேயே புடைத்திருந்தால் அது வேறு கோளாறு. அப்போது குரோமோசோம் பரிசோதனையைப் பற்றியும் பேசியாக வேண்டும். 12 வாரத்துக்கு முன் குடல் கொடிக்குள் இருப்பது இயல்புதான், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

சிரமம், இருக்க வேண்டியது இல்லாதபோதுதான். ஒரு ஐந்தாம் மாத ஸ்கேனில் சிறுநீர்ப்பை தெரியவில்லை. இதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. கருவும் அரை மணி, முக்கால் மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கும். நாம் பார்த்த நேரத்தில் பை காலியாக இருந்திருக்கலாம். "கொஞ்சம் நடந்துட்டு வாங்கம்மா, மறுபடி பார்க்கலாம்" என்றேன். வெளியே கூட்டம். அடுத்தவரை அனுப்பட்டுமா என்று சிஸ்டர் கதவருகே நின்று கேட்டார். இந்த வேலையில் காத்திருப்பதற்கென்று யாரும் நேரம் ஒதுக்குவதில்லை.

இரண்டாவது முறையும் பை தெரியவில்லை. இரத்த ஓட்டத்தை நிறங்களில் காட்டும் கலர் டாப்ளரைப் போட்டேன். தொப்புள் தமனிகள் இரண்டும் சிவப்பும் நீலமுமாகக் கோடிட்டு வந்தன. அவற்றுக்கு நடுவே, சிறுநீர் நிறைந்த பை கறுப்பாக ஒரு வட்டமாகத் தெரிந்திருக்க வேண்டும். சாம்பல் நிறத் திசுதான் இருந்தது. சிறுநீரகங்கள் நன்றாக இருந்தன. பனிக்குட நீரும் போதுமான அளவு இருந்தது. இந்த நீரில் பெரும்பகுதி கருவின் சிறுநீர்தான்; அது வற்றியிருந்தால் சிறுநீரகத்தைச் சந்தேகித்திருப்பேன். இங்கே சிறுநீர் உண்டாகிறது, தேங்காமல் வெளியேறுகிறது. கொடி வழக்கத்தைவிடக் கீழே நுழைந்திருந்தது. அதற்கும் கீழே, வயிற்றுச் சுவரில் மேடுபள்ளமாகச் சின்னப் புடைப்பு. சிறுநீர்ப்பை மூடாமல் வெளிப்புறமாகத் திறந்திருக்கும் கோளாறு என்ற சந்தேகம் அப்போதுதான் வலுத்தது. சுமார் 30,000 முதல் 50,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வரும் என்பார்கள்.

"குழந்தைக்கு மூத்திரம் வரலையா டாக்டர்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"வருதும்மா. தேங்கி நிற்க வேண்டிய பைதான் தெரியலை."

பார்த்ததை மட்டும் சொன்னேன். கரு மருத்துவ நிபுணரும் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரும் பார்க்க வேண்டும், எம்ஆர்ஐ தேவைப்படலாம், பிறந்தபின் அறுவை சிகிச்சை உண்டு, அதுவும் ஒன்றோடு முடியாமல் போகலாம் என்றேன். எதிர்காலம் பற்றிய கேள்விகளுக்கு அறுவை சிகிச்சை நிபுணர்தான் பதில் சொல்ல வேண்டும், நான் ஊகிக்கக் கூடாது.

ரிப்போர்ட்டில் இரண்டு முறை பார்த்த நேரம், நடுவே காத்திருந்த நேரம், நீரின் அளவு மூன்றையும் எழுதினேன். அடுத்து ஸ்கேன் செய்பவருக்கு அதுதான் உதவும். பல இடங்களில் 'இரைப்பை, சிறுநீர்ப்பை நார்மல்' என்ற வரி ரிப்போர்ட் படிவத்திலேயே அச்சாகி வந்துவிடுகிறது; எனக்கு அதில் உடன்பாடில்லை. என் படிவத்தில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும், ஒவ்வொரு முறையும் பார்த்த பிறகே டைப் செய்கிறேன்.