போகும்போது வலப்பக்கம், வரும்போது இடப்பக்கம்

பக்கவாதம் வந்து அப்பாவின் இடக்கையும் இடக்காலும் தளர்ந்துவிட்டன. நாற்பது நாள் மருத்துவமனையில் இருந்தோம். வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று சொன்ன அன்று எல்லோருக்கும் சந்தோஷம். அப்பா மட்டும் என்னை அருகில் கூப்பிட்டு, குழறிய குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்: "வீட்லயாவது பாத்ரூம் கதவச் சாத்திக்கிட்டுப் போக முடியுமாம்மா?"

நாற்பது நாளாக ஒருமுறைகூடத் தனியாகப் போகாத மனிதர் கேட்ட கேள்வி அது. முடியும்ப்பா என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையைக் காப்பாற்ற எனக்கு ஏறக்குறைய நான்கு மாதம் பிடித்தது. அதில் முதல் மாதம் முழுக்க நான் செய்த தவறுகளைத் திருத்துவதிலேயே போனது. அதே நிலையில் இப்போது இருக்கிறவர்களுக்கு அந்த ஒரு மாதமாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் தவறு, அளக்காமல் வாங்கியது. அவசரத்தில் நல்ல உறுதியான சக்கர நாற்காலி ஒன்றை வாங்கி வந்தேன். அப்பா அதில் உட்கார்ந்து வலக்கையால் சக்கரத்தைத் தள்ளினார். நாற்காலி இருந்த இடத்திலேயே வட்டமடித்தது. ஒரு கையால் ஒரு சக்கரத்தை மட்டும் தள்ளினால் வேறென்ன ஆகும்? அதை நான் யோசிக்கவே இல்லை. இடக்கை வேறு மடியிலிருந்து நழுவித் தொங்கி, சக்கரக் கம்பிகளுக்குப் பக்கத்தில் போய்விட்டது. அந்தக் கையில் அப்பாவுக்கு உணர்ச்சி குறைவு. நான் கவனித்திருக்காவிட்டால் விரல் மாட்டியிருக்கும், அவருக்குத் தெரிந்தும் இருக்காது.

வீட்டுக்கு வந்து பார்த்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பெண்மணிதான், அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குகிற சிகிச்சையாளர்தான், விஷயத்தை விளக்கினார். ஒருபக்கம் தளர்ந்தவர்கள் நல்ல கையால் ஒரு சக்கரத்தைத் தள்ளி, நல்ல காலால் தரையை உந்தித்தான் நேராகப் போவார்கள். அதற்குப் பாதம் முழுசாகத் தரையில் பதிய வேண்டும். சாதாரண சக்கர நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து 19, 20 அங்குல உயரத்தில் இருக்கும். இவர்களுக்கு வேண்டியது 17, 18 அங்குல உயரம் உள்ள தாழ்ந்த நாற்காலி. நல்ல கால் பக்கத்துப் பாதத்தாங்கியைக் கழற்றிவிட வேண்டும். தளர்ந்த கையை வைக்கக் கைப்பிடிமேல் ஒரு தொட்டி மாதிரி மாட்டிக்கொள்ளலாம். இருக்கையின் அகலம், இடுப்பின் அகலத்தோடு இரண்டு அங்குலம் கூட்டினால் போதும். அகலமாக இருந்தால் வசதி என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும், கதவிலும் நுழையாது.

கதவு என்றதும் அடுத்த கதை. எங்கள் குளியலறைக் கதவு 26 அங்குலம். நாற்காலியின் மொத்த அகலம் இருபத்தைந்தரை. நுழைந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் கதவைத் திறந்து வைத்தால் அந்தக் கதவின் தடிமனே ஒன்றரை அங்குலத்தைத் தின்றுவிடுகிறது. திறந்த கதவின் பரப்புக்கும் எதிர்ப்பக்க நிலைக்கும் நடுவே இருக்கிற காலி இடத்தைத்தான் அளக்க வேண்டும், நிலையின் அகலத்தை அல்ல. கதவை வழியிலிருந்து முழுசாக விலக்கிவிடுகிற வளைந்த கீல்கள் கிடைக்கின்றன. அவற்றை மாட்டினால் கதவின் தடிமன் அளவுக்கு இடம் கிடைக்கும். ஓரிரு அங்குலம்தான் குறை என்றால் சுவரை இடிக்காமலே வேலை முடிந்துவிடும். எங்களுக்கு அதுவும் போதவில்லை. விரல் மூட்டு உரசாமல் போக 32 அங்குலமாவது காலியாக வேண்டும் என்று அந்தப் பெண்மணி சொன்னார். நிலையைப் பெயர்த்தோம். பெயர்த்ததுதான் பெயர்த்தோம் என்று கதவை வெளிப்பக்கமாகத் திறக்கிற மாதிரி மாற்றினோம். உள்ளே திறக்கிற கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்துவிட்டால், அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். தாழ்ப்பாளும் அவசரத்துக்கு வெளியிலிருந்து நாணயத்தை வைத்துத் திருகித் திறக்கிற வகை. இதை ஏன் முதலிலேயே எல்லா வீட்டிலும் செய்வதில்லை என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

சரி, இனி கைப்பிடிக் கம்பி. நான் சொல்ல வந்ததே இதுதான்.

முதலில் சுவரில் அழுத்தினால் ஒட்டிக்கொள்கிற ரப்பர் கிண்ணக் கம்பி ஒன்றை வாங்கினேன். துளை போட வேண்டாம், அழுத்தினால் போதும் என்று அதன்மேல் எழுதியிருந்தது. மறுநாள் அம்மா துடைக்கும்போது சும்மா பிடித்து இழுத்தாள், கையோடு வந்துவிட்டது. அப்பா பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அதைப் பயன்படுத்தாதீர்கள். துண்டு போடுகிற கம்பியும் கைப்பிடி அல்ல, ஆள் பாரத்தை அது தாங்காது. கைப்பிடிக் கம்பி 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. டைல்ஸை மட்டும் பிடித்திருக்கிற திருகாணி அதைத் தாங்காது. பின்னால் உள்ள கட்டுச்சுவரில் ஆழமாக இறங்க வேண்டும். உள்ளே கூடாக இருக்கிற பலகைச் சுவர் என்றால், பின்னால் மரச்சட்டம் கொடுத்து அதில் முடுக்க வேண்டும்.

கம்பி மாட்ட ஒரு ஆள் வந்தார். வேலை சுத்தமாகச் செய்தார், அதில் குறை இல்லை. வாசலில் நின்று டாய்லெட்டைப் பார்த்து, "ஐயாவுக்கு வலக்கைதானே நல்லா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, வலப்பக்கச் சுவரில் மாட்டினார். நானும் பக்கத்திலேயே நின்று தலையாட்டினேன். அப்பாவை உள்ளே கூட்டிப்போனோம். வலக்கையால் கம்பியைப் பிடித்தார், மெதுவாகத் திரும்பினார், உட்கார்ந்தார். எங்களுக்கெல்லாம் பெரிய நிம்மதி.

எழுந்திருக்கும்போதுதான் தெரிந்தது. உட்கார்ந்தவர் இப்போது வாசலைப் பார்த்து இருக்கிறார். வலப்பக்கமாக இருந்த சுவர் இடப்பக்கம் போய்விட்டது! கம்பி செயல்படாத கையின் பக்கம் பளபளவென்று இருக்கிறது. அப்பாவின் வலக்கை காற்றில் எதையோ தேடியது. அந்தக் கை தேடிய விதம் என் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை. கடைசியில் நானும் அம்மாவும்தான் தூக்கிவிட்டோம். அப்பா எதுவும் பேசவில்லை.

தெரபிஸ்ட் அடுத்த முறை வந்தபோது சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை, நிறைய வீட்டில் இதுதான் நடக்கிறது என்றார். அப்புறம் அவர் செய்த வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பாவை உடுத்திய துணியோடு டாய்லெட்டில் உட்கார வைத்தார். "கண்ண மூடிக்கிட்டு, எழுந்திரிக்கப் போற மாதிரி நெனச்சுக் கை நீட்டுங்கய்யா" என்றார். அப்பாவின் கை எங்கே போய் நின்றதோ அங்கே கையில் ஒரு அட்டையைப் பிடித்துப் பென்சிலால் குறித்தார். மூன்று முறை செய்தார். மூன்று குறியும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தன. புத்தகத்தில் கம்பிக்குத் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரம் என்று போட்டிருக்கும், அது தொடக்கத்துக்குத்தான், கடைசி வார்த்தை இவர் கைதான் என்றார்.

அந்தப் பக்கத்தில் சுவர் நான்கடி தள்ளி இருந்தது. அதனால் டாய்லெட்டுக்குப் பின்சுவரில் பொருத்தி, கீழே இறக்கிக்கொள்கிற மடக்குக் கம்பி ஒன்றை வலக்கைப் பக்கம் வைத்தோம். வேண்டாதபோது மேலே மடக்கிவிட்டால் நாற்காலி வர வழி கிடைக்கும். பழைய கம்பியைக் கழற்றவில்லை. உள்ளே போகும்போது அதுதான் வேண்டும். போக ஒன்று, வர ஒன்று. கம்பிக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை அங்குல இடைவெளி இருக்கிறதா என்றும் பார்த்தார். அதைவிடக் குறைந்தால் விரல் சுற்றிப் பிடிக்காது, கூடினால் கை வழுக்கும்போது முன்கையே உள்ளே புகுந்து முறியலாம். எங்கள் டாய்லெட் 15 அங்குல உயரம்தான். அப்பா உயரமானவர், அவ்வளவு தாழ்விலிருந்து எழுவது கஷ்டம். அதன்மேல் நான்கு அங்குலம் உயர்த்துகிற இருக்கையைப் போட்டோம். சும்மா மேலே வைக்கிற வகை வேண்டாம், பக்கவாட்டில் நகரும். முடுக்கிப் பூட்டுகிற வகையாக வாங்குங்கள்.

இதற்கப்புறம் வீட்டில் எதைப் பார்த்தாலும் இரண்டு தடவை பார்க்க ஆரம்பித்தேன். போகும்போது எப்படி, திரும்பும்போது எப்படி? மாடிப்படியில் ஒரு பக்கம்தான் கைப்பிடி. ஏறும்போது வலக்கைக்கு வரும், இறங்கும்போது வலப்பக்கம் வெறும் சுவர். கட்டில் வலப்பக்கமாகச் சுவரை ஒட்டிக் கிடந்தது. அப்பா எழுந்து காலைத் தொங்கவிட வசதியான பக்கமே அதுதான். கட்டிலைத் திருப்பிப் போட்டோம். சில நிமிட வேலை, ஒரு செலவும் இல்லை, அன்று ராத்திரியே பலன் தெரிந்தது.

மாடிக்கு நாற்காலி லிஃப்ட், அதாவது படியோரத் தண்டவாளத்தில் ஆளை உட்காரவைத்து ஏற்றி இறக்குகிற இருக்கை, போடலாமா என்றும் பார்த்தோம். தண்டவாளம் சுவரில் அல்ல, படிகளிலேயே பொருத்தப்படுகிறது, பேட்டரியில் ஓடுவதால் மின்சாரம் போனாலும் நடுவழியில் நிற்காது என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. எங்கள் படி நடுவில் திரும்புகிறது. வளைவான படிக்குத் தண்டவாளத்தை அளவெடுத்துத் தனியாகச் செய்ய வேண்டும், அதை வேறு வீட்டுக்கு எடுத்துப்போகவும் முடியாது. அப்பாவின் அறையைக் கீழே மாற்றிவிட்டோம். மாடி ஏறியே ஆக வேண்டியவர்களுக்கு அந்த லிஃப்ட் பெரிய வரம்தான்.

வாசல் சாய்தளத்தில் இன்னொரு முறை அடிபட்டோம். மூன்று படி, ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், மொத்தம் 18 அங்குல உயரம். கொத்து வேலை செய்தவர் ஆறடி நீளத்தில் ஒரு சரிவு போட்டுக் கொடுத்தார். அப்பாவை ஏற்றும்போது பாதியில் எனக்கு மூச்சு முட்டியது. நாற்காலி பின்னோக்கி நழுவ, முழங்காலைக் கொடுத்துத்தான் நிறுத்தினேன். கணக்கு எளிது: ஓர் அங்குலம் உயர 12 அங்குல நீளம் வேண்டும். 18 அங்குலத்துக்கு 18 அடி. எங்கள் வாசலில் நேராக அவ்வளவு இடம் இல்லை. ஒன்பதடி போய், ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் ஒன்றில் திரும்பி, மறுபடி ஒன்பதடி என்று மடக்கிப் போட்டோம். அந்தச் சமதளத்தில் நின்று இளைப்பாறலாம், நாற்காலியைத் திருப்பவும் இடம் போதும். ஓரத்தில் சக்கரம் நழுவாமல் ஒரு கரை, மேலே வழுக்காத சொரசொரப்பு, கைப்பிடி இரண்டு பக்கமும். ஏன் இரண்டு பக்கம் என்று கொத்தனார் கேட்டார். அவரை மேலிருந்து கீழே ஒருமுறை வலக்கையை மட்டும் நீட்டிக்கொண்டு நடந்து பார்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகு அவரே அடுத்த வேலைகளில் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

மூன்றாவது மாத முடிவில் அப்பா நான்கு கால் ஊன்றுகோலோடு ஆறேழு அடி நடக்க ஆரம்பித்தார். நாற்காலியைக் குளியலறை வாசலில் நிறுத்தி, இரண்டு பிரேக்கையும் போட்டுவிட்டு உள்ளே நடப்பார். சில வாரம் நான் பின்னாலேயே போனேன். நாலாவது மாதத்தில் ஒரு காலை, வாசலிலேயே என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். நான் நின்றுவிட்டேன். கதவு சாத்தியது. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. அம்மா கூடத்திலிருந்து ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் மூச்சுவிடாமல் நின்றோம். மடக்குக் கம்பி கீழே இறங்கிய சத்தம், வெகுநேரம் கழித்துத் தண்ணீர் விழுந்த சத்தம், அப்புறம் ஊன்றுகோல் தரையில் டொக்கென்று பட்ட சத்தம்.

வெளியே வந்தவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். "சோப்புத் தட்டு இந்தப் பக்கம் இருக்கு. அந்தப் பக்கம் மாத்தணும்" என்றார். பென்சிலை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் மறுபடி உள்ளே போனேன். உட்கார்ந்து, கண்ணை மூடி, கையை நீட்டினார். குறித்துக்கொண்டேன்.