காமிக்ஸ் கடை இல்லாத எல்லையோரத்தில்: புத்தகம் சேர்ப்பதும் கூடிப் படிப்பதும்

பாலக்காடு, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், பொள்ளாச்சி. தமிழக-கேரள எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, காமிக்ஸுக்கென்று தனிக்கடையை நம்பி வாசகர் யாரும் இருக்க முடியாது. நல்ல காமிக்ஸ் கடை மூன்று வேலை செய்யும்: புத்தகத்தை இருப்பில் வைத்திருக்கும், வாங்குமுன் புரட்டிப் பார்க்க விடும், இதைப் படித்தவருக்கு அடுத்து எது என்று சொல்லும். நம் பகுதியில் இந்த மூன்றையும் எட்டு பத்துப் பேர் கொண்ட வாசிப்புக் குழுதான் செய்தாக வேண்டும். அதனால் எங்கே வாங்குவது என்பதையும் எப்படிக் கூடிப் படிப்பது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பழைய புத்தகத்துக்கு முதல் இடம் கோவை உக்கடம். அங்குள்ள கடைகளின் பிழைப்பு பாடப்புத்தகமும் போட்டித்தேர்வு கைடும்தான். காமிக்ஸ் வந்தால் கட்டோடு வரும், அடுக்கின் அடியில் கிடக்கும். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்காது. அந்த நெரிசல் ஓய்ந்தபின் போங்கள். "காமிக்ஸ் இருக்கா" என்று மட்டும் கேட்டால் இல்லை என்ற பதில் வரும். "ராணி காமிக்ஸ், முத்து, லயன், அமர் சித்திரக் கதை" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கட்டு வந்தால் கூப்பிடச் சொல்லி எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். குழுவில் ஒருவர் மட்டும் இந்தத் தொடர்பை வைத்துக்கொள்வது நல்லது. நாலு பேர் தனித்தனியாகக் கேட்டால் விலை ஏறிவிடும்.

பழைய இதழைக் கையில் எடுத்ததும் அட்டையில் மயங்காமல் நடுப்பக்கத்தைத் திறங்கள். நடுவில் கம்பிப் பின் (ஸ்டேபிள்) அடித்த இதழில் ஒவ்வொரு தாளும் மடிந்து நான்கு பக்கமாகிறது. முன்பாதியில் ஓர் ஏடு கிழிந்து போயிருந்தால், பின்பாதியில் அதன் ஜோடியும் பின்னில் நிற்காமல் ஆடும் அல்லது அதுவும் போயிருக்கும். 64 பக்க இதழில் ஜோடிப் பக்கங்களின் எண்ணைக் கூட்டினால் 65 வரவேண்டும். 5, 6 உள்ள ஏட்டின் மறுபாதி 59, 60. அட்டையையும் சேர்த்து எண் போட்டிருந்தால் இந்தத் தொகை மாறும், ஆனால் இதழ் முழுக்க ஒரே தொகைதான் வரும். இதை ஒருமுறை பழகிவிட்டால் அரை நிமிடத்தில் முழு இதழா இல்லையா என்று தெரிந்துவிடும். அடுத்து, பின் துருப்பிடித்திருக்கிறதா, துரு தாளைத் தின்றிருக்கிறதா என்று பாருங்கள். புதிர்ப் பக்கத்திலும் போட்டிக் கூப்பன் இருந்த பக்கத்திலும் கத்தரி பட்டிருக்கும். கூப்பனுக்குப் பின்பக்கம் கதை ஓடியிருந்தால் ஒரு கட்டமே காணாமல் போயிருக்கும்.

இன்னொன்று, சேகரிப்பும் வாசிப்பும் வேறு வேறு. 1972ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த 'இரும்புக்கை மாயாவி'யின் முதல் பதிப்பு வேண்டுமென்றால் விற்பவர் சொல்வதுதான் விலை. கதை போதுமென்றால் அது பலமுறை மறுபதிப்பு கண்டிருக்கிறது, அதையே வாங்குங்கள். குழுவின் பொதுப்பணத்தில் அபூர்வப் பிரதி வாங்கவே கூடாது. அதை யாரும் தைரியமாகத் தொட மாட்டார்கள், தொடாத புத்தகம் குழுவுக்கு உதவாது.

புதுத் தமிழ் காமிக்ஸுக்கு சிவகாசிதான் தலைநகரம். முத்து, லயன் இரண்டும் அங்கிருந்துதான் வருகின்றன. லயன் 1984ல் தொடங்கியது. நேரே சந்தா கட்டுவதே நம்பகமான வழி. கடைக்கு வந்தபின் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால் விட்டுப்போகும், விட்டுப்போனது எப்போது மறுபதிப்பாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. குழுவுக்கு ஒரு சந்தா போதும். டெக்ஸ் வில்லர், லக்கி லூக் என்ற கௌபாய் நாயகர்களை விடமுடியாதவர்கள் தங்களுக்குத் தனியாகப் போட்டுக்கொள்ளட்டும். பணம் கட்டுமுன் உங்கள் பின்கோடுக்கு அந்தக் கூரியர் வருமா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். கேரளப் பக்கக் கிராமத்து முகவரி என்றால் பொட்டலம் டவுன் ஆபீசிலேயே தங்கிவிடலாம். பொள்ளாச்சியிலோ கோவையிலோ உள்ள உறுப்பினரின் முகவரியைக் கொடுப்பது உத்தமம். இடவப்பாதி மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறை போட்டு அனுப்பச் சொல்லிவிடுங்கள். புரட்டிப் பார்த்து வாங்க ஆசைப்படுபவர்களுக்கு ஜூலையில் கோவை கொடிசியாவில் நடக்கும் புத்தகத் திருவிழா, ஆகஸ்டில் ஈரோடு. சிவகாசி காமிக்ஸின் வாசகர்கள் ஆண்டுதோறும் சந்தித்துக்கொள்ளும் இடமும் ஈரோடுதான்.

ஆங்கில கிராபிக் நாவலுக்கு (நாவல் போல நீண்ட படக்கதைக்கு)ப் பாலக்காட்டிலும் கோவையிலும் உள்ள பொதுப் புத்தகக் கடைகளில் ஓர் அலமாரித் தட்டுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். டின்டின், ஆஸ்டெரிக்ஸ், கொஞ்சம் மாங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) இருக்கும். வேண்டியதை வரவழைக்கச் சொல்லலாம். அதற்குப் புத்தகத்தின் பெயர் போதாது, 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணை எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே புத்தகத்துக்குக் கெட்டி அட்டை, சாதா அட்டை, பாகம் பாகமாக, ஒரே தொகுப்பாக என்று பல பதிப்புகள் இருக்கும். எண் கொடுக்காவிட்டால் இரண்டாம் பாகம் முதலில் வந்து சேரும்.

மாங்காவில் கவனம் வேண்டும். நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி திருட்டு அச்சு. சாம்பல் நிறத்துக்காக வரைபவர் போடும் நுண்புள்ளிகளைப் பாருங்கள். அசலில் அவை தனித்தனியாக, சீராக இருக்கும். நகலில் கலங்கிப்போய் அலை அலையாகக் கோடு தெரியும். முதுகுப் பக்கம், வசனம் எழுதிய பலூனின் ஓரம் தையலுக்குள் போயிருந்தாலும், நடுவில் விரித்ததும் பசை படக்கென்று விட்டாலும் அதே கதைதான். குழுவில் பத்துக் கை மாறினால் அது பத்துத் துண்டாகிவிடும். வரைந்தவருக்கும் ஒரு காசு போகாது. பி.டி.எஃப். கோப்பை வாட்ஸாப்பில் சுற்றவிடுவதும் இதே ரகம். தமிழில் காமிக்ஸ் போடுபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அவர்கள் வயிற்றில் அடித்துவிட்டு அடுத்த இதழுக்குக் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

இனி குழு. கேரளப் பக்கம் கூடுமிடத்துக்குப் பஞ்சமில்லை. லைப்ரரி கவுன்சிலில் இணைந்த வாயனசாலை (படிப்பகம்) ஊருக்கு ஊர் இருக்கிறது. ஞாயிறு பிற்பகல் கேட்டால் ஹாலைத் தருவார்கள். ஜில்லா லைப்ரரி கவுன்சில் நடத்தும் புத்தகத் திருவிழாவில்தான் இந்த வாயனசாலைகள் தங்கள் மானியப் பணத்தில் புத்தகம் எடுக்கின்றன. அதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் பட்டியலைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டால் நாலைந்து கிராபிக் நாவல்கள் அவர்கள் செலவிலேயே ஊருக்கு வந்துவிடும். தமிழ்நாட்டுப் பக்கம் பொது நூலகத்தின் வாசகர் வட்டம் வழியாகப் போங்கள். மார்ச் பரீட்சை, ஓணம், பொங்கல், சிங்க மாத (ஆவணி) முகூர்த்த ஞாயிறுகள் ஆகியவற்றைத் தவிர்த்தால் ஆண்டுக்கு எட்டுக் கூட்டம் கிடைக்கும். அது போதும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள்.

ஒரு கூட்டத்துக்கு ஒரு புத்தகம், இரண்டு பிரதி. எட்டுப் பேர் மாதம் 200 ரூபாய் போட்டால் 1,600 ரூபாய் ஆகிறது; அதற்குள் அடங்குவதையே தேர்ந்தெடுங்கள். ஒருவருக்கு ஐந்து நாள் என்றால் நால்வர் நால்வராக இருபது நாளில் இரண்டு பிரதியும் சுற்றி வந்துவிடும். கனமான தொகுப்புகளை முதல் ஆண்டில் தொடவேண்டாம். பாதி பேர் முடிக்காமல் வருவார்கள், முடித்தவர்கள் கதை சொல்லத் தொடங்குவார்கள், கூட்டம் அங்கேயே படுத்துவிடும். 150 பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். ஐரோப்பிய ஆல்பங்கள் (பெரிய அளவுக் காமிக்ஸ் புத்தகங்கள்) பெரும்பாலும் 48 பக்கம்தான், தொடக்கத்துக்கு அளவானவை.

எல்லையோரக் குழுக்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்தவர்கள் நிறைய. தமிழ் எழுத்து அவர்களுக்கு ஓடாது. அவர்களை விலக்காமல் இருக்க, பலூன்களை இருவர் பங்கு போட்டு உரக்கப் படியுங்கள். பலூனை மட்டும்தான் படிக்க வேண்டும். "இப்ப அவன் குதிரையில ஏறுறான்" என்று படத்தை விவரிக்கத் தொடங்கினால் பார்ப்பவரின் கண்ணுக்கு வேலை இல்லாமல் போகும்.

விவாதத்தின் உயிர், கதையை விட்டுப் பக்கத்தைப் பேசுவதில் இருக்கிறது. எதிரெதிர் இரண்டு பக்கங்களைத் தேர்ந்து, பலூன்களைத் துண்டுத்தாளால் மறைத்து, மூன்று நிமிடம் யாரும் பேசாமல் பாருங்கள். எத்தனை கட்டம், எது பெரியது, ஏன்? கண் முதலில் எங்கே போகிறது? இரண்டு கட்டங்களுக்கு நடுவேயுள்ள வெள்ளை இடைவெளியில் எவ்வளவு நேரம் கடந்தது: ஒரு நொடியா, ஒரு வருடமா? வலப்பக்கத்தின் கடைசிக் கட்டம் பக்கத்தைப் புரட்ட வைக்கிறதா? தமிழ்ப் பதிப்பில் இதைக் கட்டாயம் சோதியுங்கள். நடுவில் ஒரு விளம்பரமோ கடிதப் பக்கமோ நுழைந்தால், வலப்பக்கத்துக்கென வரைந்தது இடப்பக்கம் போய்விடும். புரட்டியதும் வரவேண்டிய அதிர்ச்சி எதிர்ப்பக்கத்தில் முன்பே கண்ணில் பட்டுவிடும். பெரிய ஆல்பத்தைச் சின்ன அளவில் அச்சிட்டால் எழுத்து நெருங்குவதும் இப்படித்தான்: பலூனின் அளவு பிரெஞ்சுக்காகப் போட்டது, தமிழ் வசனம் நீளம்.

முதல் கூட்டத்துக்கு இரும்புக்கை மாயாவியையே சொல்வேன். ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த கதை, ஆனால் கட்டமைப்பை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அது 1962ல் தொடங்கிய 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் வாரத்துக்குச் சில பக்கங்களாக வந்தது. ஸ்பெயின்காரரான ஜீசஸ் பிளாஸ்கோ வரைந்தார். அதனால்தான் சேர்த்துப் படிக்கும்போது சில பக்கங்களுக்கு ஒருமுறை ஆபத்து வந்து மாயாவி தொங்குகிறார். எந்தப் பக்கத்தில் ஒரு வாரம் முடிந்திருக்கும் என்று குழுவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், எல்லோரும் பேசிவிடுவார்கள்.

அடுத்து 'பீமாயணம்', நவயானா 2011ல் வெளியிட்டது. அம்பேத்கரின் வாழ்க்கையைத் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இருவரும் கோண்டு பழங்குடி ஓவிய மரபில் வரைந்திருக்கிறார்கள். சதுரக் கட்டமே கிடையாது. கொடும் சொல்லுக்குத் தேள் கொடுக்கு வைத்த பலூன், மென்சொல்லுக்குப் பறவை வடிவப் பலூன். மாயாவிக்குப் பின் இதைப் படித்தால், கட்டம் என்பது இயற்கை விதி அல்ல, ஒரு தேர்வு என்று கைமேல் விளங்கும். மூன்றாவதாக மர்ஜான் சத்ரபியின் ஈரான் நினைவுகள்; கோவை விடியல் பதிப்பகம் தமிழில் கொண்டுவந்தது. சித்திரவதைக் காட்சிகள் இருப்பதால் பள்ளிப் பிள்ளைகள் வரும் கூட்டத்தில் வைக்காதீர்கள். மலையாளம் படிப்பவர்கள் முன்னின்று நடத்த வேண்டிய கூட்டமும் ஒன்று உண்டு. ஜி. அரவிந்தன் 1961 முதல் 1973 வரை மாத்ருபூமி வார இதழில் வரைந்த 'செறிய மனுஷ்யரும் வலிய லோகவும்' அது. ராமு என்ற இளைஞன் ஆண்டுகள் ஓட ஓட மாறிக்கொண்டே போகிறான். நம் மண்ணுக்கு இவ்வளவு அருகில் இப்படியொரு படைப்பு இருந்தும், தமிழ் காமிக்ஸ் வாசகர்களில் பலர் அதைப் பார்த்ததே இல்லை என்பது எனக்குப் பெரிய குறை.

கூட்டம் தடம்புரளும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: "அந்த தீபாவளி மலர் என்கிட்ட இருக்கு" என்று யாராவது தொடங்குவது. சிறுவயது நினைவுகள் இனிமையானவை, ஆனால் புதிதாக வந்த இளையவர்கள் அதில் பேச ஒன்றுமில்லாமல் அடுத்த மாதம் வராமல் போவார்கள். அந்தப் பேச்சை டீக்குப் பின் தள்ளுங்கள்.

சேர்ந்த புத்தகங்களை ஒரே வீட்டில், உள்சுவரை ஒட்டிய அலமாரியில் வையுங்கள். மழை அடிக்கும் மேற்குச் சுவர் ஈரம் குடிக்கும். பழைய நியூஸ்பிரிண்ட் இதழ்களைப் பாலிப்ரோப்பிலின் உறையில், பின்னால் ஓர் அட்டை கொடுத்து நிறுத்துங்கள், பி.வி.சி. உறை வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்து அட்டையோடு ஒட்டும். கிழிசலுக்கு செல்லோடேப் போடாதீர்கள். பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும், பிறகு எடுக்கவே முடியாது. துருப்பிடித்த பின்னை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளைகளில் பருத்தி நூலால் தையுங்கள். வழவழப்பான ஆர்ட் பேப்பர் வண்ண இதழ்கள் நனைந்தால் மட்டும் உடனே செயல்பட வேண்டும். மூடியபடி காயவிட்டால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகிவிடும். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே பட்டர் பேப்பர் செருகி, ஃபேனுக்கு அடியில் நிறுத்திக் காயவையுங்கள். வெயிலில் போட வேண்டாம், தாள் நெளிந்துவிடும். ஏற்கெனவே ஒட்டிப்போன பக்கத்தை நகத்தால் பிரித்தால் வண்ணம் எதிர்ப்பக்கத்தோடு உரிந்து வந்துவிடும். அதை அப்படியே வைத்துவிட்டு, மறுபதிப்பு வருகிறதா என்று விசாரியுங்கள்.