குறுக்கு விசாரணைக்கு முன்பே போட வேண்டிய மனு

குடும்ப நீதிமன்றத்தில், அடித்த கணவரைக் கண்டு மிரண்டு போயிருக்கும் சாட்சிக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். அதுவும் முந்தைய வாய்தாவிலேயே கேட்க வேண்டும். கூண்டில் ஏறி, கை நடுங்க ஆரம்பித்த பிறகு கேட்பது பெரும்பாலும் எடுபடாது.

குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984, பிரிவு 11-ன்படி ஒரு தரப்பு கேட்டாலே ரகசிய விசாரணை நடத்தியாக வேண்டும். அதில் வெளியாட்கள்தான் வெளியேறுவார்கள், எதிரே நிற்கும் கணவர் வெளியேறமாட்டார். பிரிவு 13-ல் வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையாகத் தரப்படவில்லை. அதனால் அடித்தவரே நேரில் கேள்வி கேட்கும் கொடுமையும் நடக்கலாம். இதற்குத் தனி மனு வேண்டும்: நடுவில் திரை, இல்லாவிட்டால் காணொலி, கேள்விகளை எழுதிக் கொடுத்து நீதிபதி வழியாகக் கேட்பது, இடைவேளை. திரையும் எழுத்துக் கேள்வியும் 2004-ல் சாக்‌ஷி வழக்கில் பாலியல் குற்ற விசாரணைக்கு உச்ச நீதிமன்றம் சொன்னவை. 2022-ல் ஸ்ம்ருதி துக்காராம் படதே வழக்கில், பாதுகாப்பு தேவைப்படும் சாட்சி யார் என்பதைக் குடும்ப நீதிமன்றமும் முடிவு செய்யலாம் என்று வரையறை விரிந்தது. இரண்டையும் மனுவில் குறிப்பிடுங்கள். ‘பயமாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதினால் நிற்காது. பாதுகாப்பு உத்தரவு, காயச் சான்று, மனநல மருத்துவர் சான்று எது இருந்தாலும் சேருங்கள்.

குறுக்கு விசாரணையில் சாட்சி அதிகம் சறுக்குவது, இரண்டு கேள்வியை ஒன்றாகக் கோத்துக் கேட்கும் இரட்டைக் கேள்வியில். “நீங்களாகவே வீட்டைவிட்டுப் போய், மூன்று மாதம் பேசாமல் இருந்தீர்கள், சரிதானே?” பேசாதது உண்மை என்பதால் சாட்சி “ஆமாம்” என்பார். பதிவில் ‘நானாகவே வீட்டைவிட்டு வெளியேறினேன் என்றால் சரிதான்’ என்று ஏறிவிடும். சாட்சி தரப்பில் வக்கீல் இருந்தால் உடனே எழுந்து, கேள்வியைப் பிரித்துக் கேட்கச் சொல்ல வேண்டும்.

நடத்தையைக் கொச்சைப்படுத்தும் கேள்விக்கு, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் பிரிவு 155 இருக்கிறது. ஆபாசக் கேள்வியை பிரிவு 154-ன் கீழ் நீதிபதி தடுக்கலாம். அவமானப்படுத்தவே கேட்பதாகத் தெரிந்தால் 155-ன்படி தடுத்தே ஆக வேண்டும். கேள்வி முறையானதாக இருந்தாலும், கேட்கும் விதம் தேவையில்லாமல் புண்படுத்தினால் அதற்கும் இதே விதிதான். ஆட்சேபிக்கும்போது 155-ஐச் சொல்லியே ஆட்சேபியுங்கள்.

குழந்தையைக் கூண்டில் ஏற்றாமல், நீதிபதி தன் அறையில் பேசும்படி கேளுங்கள்.

குடும்ப நீதிமன்றச் சட்டம் பிரிவு 15-ன்படி நீதிபதி சாட்சியத்தின் சாரத்தை மட்டும் குறிப்பாக எழுதினால் போதும். சுருக்கத்தில் ஆட்சேபம் காணாமல் போகும். சர்ச்சைக்குரிய இடத்தைக் கேள்வி-பதிலாகவே பதியச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பில் சாட்சி கையெழுத்திட வேண்டும். முழுவதும் படித்துக் காட்டச் சொல்லி, திருத்தத்தை அங்கேயே சொல்லிவிட்டுப் பேனாவைத் தொடட்டும்.