தம்பி தலைக்குள் இருந்தது கிருமியா, கட்டியா?

தம்பிக்கு முதல் தடவை வலிப்பு வந்தபோது எடுத்த எம்ஆர்ஐ ரிப்போர்ட்டின் கடைசி வரியில் நியூரோசிஸ்டிசர்கோசிஸ், டியூபர்குலோமா, லோ கிரேடு கிளையோமா என்று மூன்றையும் சாய்கோடு போட்டு எழுதியிருந்தார்கள். அதாவது நாடாப்புழு முட்டையால் வந்ததாக இருக்கலாம், டிபி கிருமியால் வந்ததாக இருக்கலாம், நிஜமாகவே மூளைக் கட்டியாகவும் இருக்கலாம். இதே மூன்று பெயரையும் கையில் வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் போனில் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் போன இடத்தில் பயாப்ஸி, அதாவது அந்த இடத்திலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பது, செய்துவிடலாம், தள்ளிப்போட வேண்டாம் என்றார்கள். மண்டையோட்டில் துளை போடுகிற விஷயம், இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிடுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். வரும்போது ஃபிலிமோடு எம்ஆர்ஐ படங்கள் பதிந்த சிடி டிஸ்க்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், நிறைய இடத்தில் தானாகத் தரமாட்டார்கள்.

இரண்டாவதாகப் பார்த்த நரம்பியல் டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரிக்கவே இல்லை. சிடியைப் போட்டு ஒவ்வொரு படமாக நகர்த்திக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தி, பேனா முனையால் காட்டினார். வெள்ளையாக ஒரு வளையம், அதற்குள் நட்டநடுவில் இல்லாமல் ஓரமாக ஒட்டிக்கொண்டு ஒரு பொட்டு. "இது புழுவோட தலை மாதிரி இருக்கும்மா" என்றார். ஒரே ஒரு புள்ளி, 20 மில்லிமீட்டருக்குள், மூளை ஒரு பக்கமாகத் தள்ளப்படவில்லை, கை கால் பலம் குறைந்துகொண்டே போகவில்லை. இப்படி இருந்தால் அதைப் புழுக்கட்டி என்று எடுத்துக்கொண்டு, வலிப்பு மாத்திரை கொடுத்து, சில வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்க்கலாம் என்பது வேலூர் சிஎம்சியில் டாக்டர் வேதாந்தம் ராஜசேகரும் சக மருத்துவர்களும் 1990களில் வகுத்த அளவுகோல். அதற்கு முன்னால் நம் ஊரில் இந்தச் சின்னப் புள்ளிகளை டிபி என்றே நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்களாம்.

அப்புறம் சந்தேகம் தீர ஸ்பெக்ட்ரோஸ்கோபி. அந்தப் புள்ளிக்குள் என்னென்ன வேதிப்பொருள் இருக்கிறது என்று பார்க்கும் எம்ஆர்ஐதான் இது. கோலின் உயர்ந்திருந்தால் புற்றுக்கட்டிப் பக்கம் சந்தேகம், கொழுப்பு மட்டும் தனியாக உயர்ந்திருந்தால் டிபி பக்கம். உள்ளே போகும்முன் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்று டெக்னீஷியன் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து தம்பியின் அரைஞாண் கயிற்றை, அதில் கோத்திருந்த தாயத்தோடு வெட்டினார். அம்மாவுக்கு வலிப்பை விட அதுதான் பெரிய அபசகுனம், அந்தத் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார். மார்பு எக்ஸ்ரே, டிபிக்கான தோல் ஊசி, எச்ஐவி டெஸ்ட் எல்லாம் சட்சட்டென்று முடிந்தன. புழுமாத்திரை தொடங்கும்முன் கண்ணையும் பார்த்தார்கள், கண்ணுக்குள் புழு இருந்து அது மாத்திரையால் செத்தால் வீக்கத்தில் பார்வையே போய்விடலாமாம்.

"நாங்க கறியே தொடமாட்டோமே" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். பன்றிக்கறியை அரைவேக்காட்டில் தின்றால் குடலில்தான் நாடாப்புழு வரும். மூளைக்குப் போவது, அப்படிப் புழு உள்ளவர் மலத்தில் வெளிவரும் முட்டை, தண்ணீர், கீரை, கழுவாத கை வழியாக இன்னொருவர் வயிற்றுக்குள் போகும்போது. அதனால் வீட்டில் எல்லோருக்கும் டாக்டர் மலப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அம்மாவை அதற்குச் சம்மதிக்க வைத்தது தனிக் கதை.

காத்திருந்த நாட்களில் சித்தப்பா ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினார், மூளைப் புற்றே கிருமியால்தான் வருகிறதாம். டாக்டரிடமே கேட்டேன். 2002ல் அமெரிக்காவில் சார்லஸ் காப்ஸ் என்ற மருத்துவரின் குழு கிளையோமா கட்டிகளுக்குள் சைட்டோமெகலோ வைரஸ் இருப்பதாகச் சொன்னது நிஜம், ஆனால் பிறகு தேடிய பல ஆய்வகங்களுக்கு அது கிடைக்கவே இல்லை. விதவிதமான புற்றுகளில் கிருமிகளின் டிஎன்ஏ தடயம் இருக்கிறது என்று 2020ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த பெரிய கட்டுரையை 2024ல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். மனித டிஎன்ஏ துண்டுகளையே பாக்டீரியா என்று எண்ணியிருக்கிறார்கள் என்பது அதன் மேல் வந்த முக்கியமான குற்றச்சாட்டு. கட்டிக்குள் கிருமி இருந்தாலும் அதுதான் கட்டியை உண்டாக்கியதா, பிறகு வந்து ஒட்டிக்கொண்டதா என்பது வேறு கேள்வி என்றார். எங்களுக்கு அந்த விவாதமே தேவைப்படவில்லை. கிருமி கட்டியை உண்டாக்குமா என்பதை விட, கிருமி கட்டி மாதிரி வேஷம் போடுமா என்பதுதான் நம் ஊர் ஆட்கள் முதலில் கேட்க வேண்டியது.

மறு ஸ்கேனில் வளையம் இல்லை, வீக்கம் இல்லை, சுண்ணாம்பு படிந்த ஒரு சின்னப் புள்ளி மட்டும். சரி, வலிப்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா என்றால் முடியாதாம், அந்தத் தழும்பே மறுபடி வலிப்பைக் கிளப்பலாம் என்பதால் இன்னும் கொஞ்ச காலம் தொடரச் சொல்லியிருக்கிறார், பைக்கும் ஓட்டக்கூடாது. மூளை வீக்கம் குறையக் கொடுத்த ஸ்டீராய்டில் முகம் உப்பியது வடிந்துவிட்டது, தம்பி இப்போது என்னோடு சண்டை போடுவதெல்லாம் பைக் சாவிக்காகத்தான்.